தீயணைக்க ஓடியவர்களைத் ‘தன்னார்வலர்’ ஆக்கியது யார்?

ஒவ்வொரு கோடையிலும் உத்தராகண்டின் பைன் காடுகள் எரியத் தொடங்கியவுடன் ஆய்வரங்குகளிலும் நாளிதழ்க் கட்டுரைகளிலும் இரண்டு கூற்றுகள் தவறாமல் தலைகாட்டுகின்றன. இந்தியக் கிராமங்களுக்குத் தன்னார்வத் தீயணைப்பு மரபு கிடையாது, அதை ஜெர்மனியிடமோ அமெரிக்காவிடமோ கற்றுக்கொள்ள வேண்டும் என்பது முதலாவது. மற்றது இதற்கு நேர் எதிரானதுபோலத் தோன்றும்: மலைமக்கள் காலங்காலமாகக் காட்டின் தன்னார்வக் காவலர்கள், அரசு அவர்களுக்கு ஒரு மேலங்கியும் சான்றிதழும் கொடுத்து ஊக்குவித்தால் போதும். முதற்கூற்று கிராமத்தாரைப் பழிக்கிறது, இரண்டாவது புகழ்கிறது. எரிகிற காடு யாருடையது, அணைக்க ஓடுகிறவன் யாருடைய ஆணைக்காக ஓடுகிறான், கால் வழுக்கி அவன் தீயில் விழுந்தால் அவன் வீட்டுக்கு யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமலிருப்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இந்த மூன்று கேள்விகளும் குமாவுன் மலைப்பகுதியில் நூறாண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டவை. விடையும் கிடைத்தது. அந்த விடை மறக்கப்பட்ட விதத்தில்தான் இன்றைய ‘தன்னார்வலர்’ என்னும் சொல்லின் வஞ்சகம் இருக்கிறது.

வெளிநாட்டு முன்மாதிரிகளை முதலில் பார்த்துவிடலாம். 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தொடங்கிய யூனியன் தீயணைப்புக் கழகத்தின் உறுப்பினர்கள் தத்தம் வீட்டில் தோல்வாளிகளையும் வலுவான பைகளையும் ஆயத்தமாக வைத்திருந்தார்கள். வாளி நீர் இறைக்க. பை, எரியும் வீட்டிலிருந்து பொருள்களை வெளியேற்ற. யாருடைய வீடு? கழக உறுப்பினருடைய வீடு. ஒருவர் உடைமையை மற்றவர் காப்பது என்னும் ஒப்பந்தமே அக்கழகத்தின் அடித்தளம். ஜெர்மனியில் 1841இல் மைசன் நகரில் உருவான தன்னார்வப் படையும் சரி, பின்னர் இரு நாடுகளிலும் சிற்றூர்தோறும் பரவியவையும் சரி, தம் ஊரின் வீட்டையும் களஞ்சியத்தையும் காக்கத் திரண்டவையே. மைல் கணக்கில் பரந்த அரசுடைமைக் காட்டை, அதில் சுள்ளி பொறுக்கினால் தண்டம் விதிக்கும் துறைக்காக, ஊதியமின்றிக் காக்க எழுந்த சங்கம் எதுவும் அந்த வரலாற்றின் தொடக்கத்தில் இல்லை. உடைமை முந்தியது, ஆர்வம் பிந்தியது. இந்த வரிசையை விட்டுவிட்டு வாளியை மட்டும் இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் பிராங்க்ளினை வாசிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மலைக்காட்டுத் தீயை அணைப்பது எத்தகைய வேலை என்பதும் சமவெளி அறிஞர்களுக்குச் சொல்லப்பட வேண்டியிருக்கிறது. அங்கே தீயணைப்பு வண்டி ஏறாது. பெரும்பாலும் தண்ணீரும் கிடையாது. பச்சைக் கிளைகளை ஒடித்து, தழலை அடித்து அமர்த்துவார்கள். தீ வரும் திசையில் பைன் ஊசியிலைகளைக் கூட்டி ஒதுக்கி, வெறுந்தரைக் கோடு ஒன்றை வகுப்பார்கள். காற்றின் போக்கறிந்த மூத்தவர் இருந்தால் எதிர்த்தீ வைப்பதும் உண்டு. பிரூல் எனப்படும் அந்த ஊசியிலைச் சருகு எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். சரிவில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடும் வேகத்தைவிட விரைவாக ஏறும். எரியும் பைன் காய்கள் கீழே உருண்டு, அணைப்பவர்களின் முதுகுப்புறத்தில் புதிய தீயை மூட்டும். உயிரைப் பணயம் வைக்கும் இந்த வேலையைத்தான் ‘சமூகப் பங்கேற்பு’ என்னும் மெல்லிய சொல்லால் அறிக்கைகள் குறிக்கின்றன.

இந்த வேலைக்கு முதன்முதலில் ஆள் திரட்டியது ஆர்வம் அன்று, சட்டம். காட்டைத் தீயினின்று காப்பது என்னும் காலனியக் கொள்கை 1860களில் மத்திய மாகாணத்தின் போரி காட்டில் கர்னல் பியர்சன் மேற்கொண்ட முயற்சிகளோடு உருப்பெற்றது. 1878ஆம் ஆண்டு இந்திய வனச்சட்டம் அதற்கு நாடளாவிய வடிவம் தந்தது. அச்சட்டத்தின் 78ஆம் பிரிவும், அதன் வழிவந்த 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79ஆம் பிரிவும் ஒரே கடமையை வகுக்கின்றன. ஒதுக்குக் காட்டிலோ காப்புக் காட்டிலோ ஏதேனும் உரிமை துய்ப்பவர், அங்கே மேய்க்கவோ விறகெடுக்கவோ அனுமதி பெற்றவர், அவரிடம் வேலை செய்பவர், அருகூரில் அரசுச் சம்பளம் பெறுபவர் ஆகிய அனைவரும் தீயைப் பற்றிய தகவல் அறிந்தால் அதை அணைக்கக் கடமைப்பட்டவர்கள். 1927ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: அலுவலர் கோரினாலும் கோராவிட்டாலும் உடனே அணைக்க முனைய வேண்டும், தகுந்த காரணமின்றித் தவறினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூலி பற்றி அப்பிரிவில் ஒரு சொல் இல்லை. காயம்பட்டால் என்ன என்பதற்கும் இல்லை. இந்தியாவின் ஊரகத் தீயணைப்புப் படை பிறந்த இடம் இதுதான்.

குமாவுனில் இச்சட்டம் வெற்றிடத்தில் வந்து விழவில்லை. 1815 முதல் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட அந்த மலைகளில் கூலி உதார், கூலி பேகார், கூலி பர்தாயிஷ் என்னும் பெயர்களில் கட்டாய உழைப்பு நடைமுறையில் இருந்தது. சுற்றுப்பயணம் வரும் அலுவலரின் மூட்டையை ஊர் சுமக்க வேண்டும். அவருக்கு வேண்டிய பாலும் விறகும் புல்லும் தானியமும் ஊர் கொடுக்க வேண்டும். யார் முறை எப்போது என்று பதிவேடு இருந்தது. வனத்துறை வலுப்பெற்றபோது சுற்றுப்பயணம் செய்யும் அலுவலர்கள் பெருகினர், சுமையும் பெருகியது. தமிழ் வாசகர்களுக்கு இது புதிதன்று. ‘வெட்டி’ என்னும் சொல் நம்மிடம் உண்டு. ஊர் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தை நாம் கூட்டுறவின் பொற்காலமாகப் பாடுகிறோம். அதே பணிக்கு ஆள் பிடிக்க 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இனி 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளுக்கு வர வேண்டும். 1893லேயே பயிரிடப்படாத நிலம் முழுவதும் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. இந்த ஆண்டுகளில் அதில் பெரும்பரப்பு ஒதுக்குக் காடாக இறுகியது. மேய்க்கத்தக்க மாடுகளின் எண்ணிக்கை, வெட்டத்தக்க தழையின் அளவு, எடுக்கத்தக்க மரம் எல்லாம் வரையறுக்கப்பட்டன. கோடையில் காட்டுத்தரையை இலேசாக எரித்துப் புதுப்புல் எழச் செய்வது மலைக்குடிகளின் பழைய முறை. ஒதுக்குக் காட்டின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அது தடைசெய்யப்பட்டது. காடு சூழ்ந்த அந்நிலப்பரப்பில் ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும் ஊர்கள் எத்தனை? தடை ஏறத்தாழ முழுமையானது. மறுபுறம், பைன் மரங்களிலிருந்து பிசினும், ரயில் தண்டவாளங்களுக்குக் கட்டையும் எடுக்கும் வணிகம் வளர்ந்தது. உரிமை சுருங்கச் சுருங்க, அந்த உரிமையைக் காரணம் காட்டிச் சுமத்தப்பட்ட தீயணைக்கும் கடமை மட்டும் சுருங்காமல் நின்றது.

1916 கோடையில் புதிய ஒதுக்குக் காடுகள் எரிந்தன. 1921 ஜனவரியில் பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழாவுக்குத் திரண்ட மக்கள், பத்ரி தத் பாண்டே முதலியோர் முன்னிற்க, கூலிப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தார்கள். உதார் அன்றோடு ஒழிந்தது. அவ்வாண்டுக் கோடையில் காடுகள் மீண்டும் பேரளவில் எரிந்தன. தீயணைப்பு வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இரு நிகழ்வுகளையும் தனித்தனி அத்தியாயங்களில் வைப்பது வழக்கம்: பதிவேட்டை எறிந்தது விடுதலைப் போராட்டம், காட்டை எரித்தது ‘குற்றச்செயல்’ அல்லது ‘சூழல் அறியாமை’. ஆனால் சுமை தூக்க மாட்டோம் என்றவனும், உன் காட்டை உனக்காகக் காக்க மாட்டோம் என்றவனும் ஒரே ஆள். தீயை மூட்டியவர்களையே அதை அணைக்கவும் நம்பியிருந்த சட்டம் அவ்வாண்டு பொருளற்றுப் போயிற்று.

அது அறியாமை அன்று என்பதற்குச் சான்று எரிந்த காட்டிலும் எரியாத காட்டிலும் உண்டு. ராமச்சந்திர குஹா 1989இல் வெளியிட்ட ‘தி அன்குவைட் வுட்ஸ்’ நூலில் இதை எடுத்துக்காட்டினார். தீக்கிரையானவை பெரும்பாலும் வணிகத்துக்கென வளர்க்கப்பட்ட பைன் காடுகள். கால்நடைக்குத் தழையும் ஊருக்கு ஊற்றுநீரும் தரும் அகன்ற இலை மரக்காடுகள், ஒதுக்குக் காட்டின் பகுதியாகவே இருந்தும், பெரிதும் தப்பின. பாஞ்ச் எனப்படும் ஓக் மரத்தின் அருமையை அந்த மக்களுக்கு எந்தத் துறையும் கற்பிக்கவில்லை.

இவ்விடத்தில் அருண் அகர்வாலின் ‘என்விரான்மென்டாலிட்டி’ (2005) என்னும் செல்வாக்குமிக்க நூலோடு முரண்பட வேண்டியிருக்கிறது. ஒருகாலத்தில் காட்டை எரித்த குமாவுன் மக்கள் பின்னர் எவ்வாறு காட்டின் காவலர்கள் ஆயினர் என்பது அந்நூலின் வினா. ஒழுங்குமுறையில் பங்கேற்ற அனுபவம் அவர்களைச் சூழல் அக்கறை கொண்ட புதிய தன்னிலைகளாக உருவாக்கியது என்பது அதன் விடை. நுட்பமான நூல், அதன் களப்பணியைக் குறைத்து மதிப்பிட யாராலும் இயலாது. ஆயினும் வினாவே பிழையான இடத்தில் தொடங்குகிறது. 1921இல் பைனை எரித்து ஓக்கை விட்டுவைத்தவனுக்குள் அக்கறை ஏற்கனவே இருந்தது. பின்னாளில் மாறியது அவனது உள்ளம் என்பதைவிட, காட்டின் மீது அவனுக்கிருந்த சட்டநிலை என்பதே பொருந்தும். ஃபூக்கோவை அழைத்துவந்து விளக்க வேண்டியதைக் காட்டு எல்லைக் கல் எளிதாக விளக்கிவிடுகிறது.

அந்தச் சட்டநிலை மாறிய கதை சுருக்கமானது. 1921இல் குமாவுன் வனக்குறைகள் குழு அமைந்தது. தலைவர் ஆணையர் பெர்சி விண்டம். ஜிம் கார்பெட்டின் வாசகர்கள் அவரை வேறொரு வேடத்தில் அறிந்திருப்பார்கள். குழு ஊர் ஊராகச் சென்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. வணிக மதிப்புக் குறைந்த காடுகளை முதல் வகுப்பு எனப் பிரித்து வனத்துறையின் பிடியிலிருந்து விடுவிக்கவும், ஊர்களே காடுகளை நிர்வகிக்க வழிசெய்யவும் அது பரிந்துரைத்தது. 1922இல் கோவிந்த வல்லப பந்த் குமாவுனின் வனச் சிக்கல் குறித்து ஒரு நூலே எழுதினார். 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. ஊரார் விண்ணப்பித்தால் எல்லை குறிக்கப்பட்டு காடு ஊரின் பொறுப்பில் விடப்படும். தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சர்கள் காவலாளை அமர்த்தலாம், விதி மீறியவரிடம் தண்டம் பெறலாம், புல்லையும் சருகையும் பங்கிடலாம். லட்டா பஞ்சாயத்து என்னும் பழைய ஊர் ஏற்பாடுகள் சில இடங்களில் இதற்கு முன்பே இருந்தன. விதிகள் அவற்றுக்குச் சட்ட உருவம் தந்தன என்றும் கொள்ளலாம்.

‘தன்னார்வம்’ என்னும் சொல்லை நேர்மையாகப் பயன்படுத்தத்தக்க காலம் இந்தியாவின் மலைக்காட்டுத் தீயணைப்பில் இங்கேதான் தொடங்குகிறது. பஞ்சாயத்துக் காட்டில் புகை எழுந்தால் ஓடிவரும் வீட்டுக்கு அந்தக் காட்டின் புல்லில் பங்கு உண்டு. வராத வீட்டைக் கேள்வி கேட்கப் பஞ்சர்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பஞ்சர்களை மாற்ற ஊருக்கும் உரிமை உண்டு. பிராங்க்ளினின் தோல்வாளிக்குப் பின்னால் இருந்த அதே ஒப்பந்தம், ஆங்கிலம் அறியாத மலையூர்களில், தீயையும் மறுப்பையும் கருவியாகக் கொண்டு போராடிப் பெறப்பட்டது. இதை மரபு இல்லாமை என்று அழைப்பவர்களுக்கு மரபு என்றால் செப்புத் தலைக்கவசமும் மணியும் மட்டுமே போலும்.

இதைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. பஞ்சர்கள் பெரும்பாலும் உயர்சாதி ஆண்கள். காட்டிலிருந்து தழையும் விறகும் சுமந்து வரும் பெண்களுக்கு நெடுங்காலம் அந்த அவையில் இருக்கை இல்லை. சில்பகார் என அழைக்கப்படும் தலித் மக்களின் குரல் பல ஊர்களில் எடுபடவில்லை. தீக்கு ஓடும்போது இவர்களும் ஓடினார்கள் என்பதையும், பங்கீட்டின்போது இவர்கள் பின்னே நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஊருக்குள்ளும் வெட்டி உண்டு. ஆனால் இந்தக் குறையைக் காட்டி ஊரின் அதிகாரத்தை அலுவலகம் எடுத்துக்கொண்டது என்றால், எடுத்ததைப் பெண்களிடமும் தலித்துகளிடமும் அது கொடுத்திருக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை. 1976, 2001, 2005 ஆண்டுகளின் விதிகளும், 1997 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டு வன மேலாண்மையும் பஞ்சாயத்தின் திட்டத்தையும் நிதியையும் வனத்துறையின் ஒப்புதலுக்குக் கீழ்ப்படுத்தின. இன்று மாநிலத்தில் 11,000க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன என்று அரசு பெருமையோடு சொல்கிறது. எண்ணிக்கை பெருகியபோது அதிகாரம் மெலிந்ததை அந்தப் பெருமிதம் சொல்வதில்லை.

அரசமைப்புச் சட்டத்திலும் ஒரு மௌனம் உண்டு. ஊரக ஆட்சியியல் பயிலும் மாணவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கென உருவாக்கிய பன்னிரண்டாம் அட்டவணையில் ஏழாவது இனம் தீயணைப்புப் பணி. 73ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கென உருவாக்கிய பதினொன்றாம் அட்டவணையில் 29 இனங்கள் உள்ளன. சமூகக் காடு உண்டு, சிறு வன விளைபொருள் உண்டு, தீயணைப்பு இல்லை. நகரத்துத் தீ நிறுவனத்தின் பொறுப்பு. ஊரகத் தீ? ஒதுக்குக் காட்டில் என்றால் 79ஆம் பிரிவின் கடமை. வீட்டுக் கூரையில் என்றால் அக்கம்பக்கத்தாரின் மனிதாபிமானம். கிராமங்களுக்குத் தீயணைப்பு மரபு இல்லை என்று வருந்துவோர், அந்த மரபு நிறுவனமாக வளர ஒரு வரியாவது எழுதாத சட்டத்தைப் பற்றியும் சற்று வருந்தலாம்.

இந்த இடைவெளியில்தான் தன்னார்வலர் திட்டங்கள் நுழைகின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய ஆபதா மித்ரா திட்டம், முதலில் வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் 6,000 பேருக்குப் பயிற்சி தருவதாக இருந்தது. பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என விரிந்தது. பயிற்சி நல்லது, அதை எதிர்ப்பது மடமை. ஆனால் அதே 2016இல் உத்தராகண்டில் 4,000 ஹெக்டேருக்கும் மேல் காடு எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியிலிருந்து நீர் மொண்டு செல்லும் படங்கள் நாடெங்கும் வெளியாயின. சரிவுகளில் கிளையால் தழலை அடித்துக்கொண்டிருந்தவர்களின் படங்கள் எத்தனை வெளியாயின?

2024 ஜூன் 13 அன்று அல்மோடா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற நால்வர் உயிரிழந்தனர். உடன் சென்ற வேறு நால்வர் கடுமையாகக் காயமுற்றனர். இறந்தவர்களுள் ஒருவர் பருவகாலத் தீக்காவலர், ஒருவர் தினக்கூலி, ஒருவர் பிராந்திய ரக்ஷக் தளத்திலிருந்து அனுப்பப்பட்டவர். துறைக்காகத் தீக்குள் சென்றவர்களே இத்தகைய தற்காலிகப் பணியாளர்கள் என்றால், பெயர்ப்பட்டியலில்கூட இல்லாத ஊர்ப் பெண்ணின் நிலையை விளக்க வேண்டியதில்லை. ‘தன்னார்வலர்’ என்னும் சொல்லின் நிர்வாகப் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. தொழிலாளி என்றால் கூலியும் இழப்பீடும் கேட்பார். கடமைப்பட்டவர் என்றால் உரிமை எங்கே என்று கேட்பார். தன்னார்வலர் எதையும் கேட்க இயலாது. கேட்டால் ஆர்வம் களங்கப்பட்டுவிடும்.

அல்மோடா மாவட்டத்தின் சீத்லாகேத் பகுதியில் ஊர்ப் பெண்கள் முன்னின்று நடத்தும் தீத்தடுப்பு முயற்சியை இதற்கு மறுப்பாகக் காட்டுவோர் உண்டு. அங்கே வயலோரப் புதர்களையும் களைகளையும் கோடையின் உச்சத்துக்கு முன்பே, ஏப்ரலுக்குள், எரித்து முடித்துவிடுகிறார்கள். காட்டில் தீ தென்பட்டால் திரண்டு போகிறார்கள். மாநில அரசே அதை முன்மாதிரியாக அறிவித்திருக்கிறது. உண்மையில் அது இக்கட்டுரையின் வாதத்துக்கே வலுச் சேர்ப்பது. ஓக் காடு அழிந்தால் தங்கள் ஊற்று வற்றும் என்று கண்ட பெண்கள் அவர்கள். காடு காகிதத்தில் யாருடையதாயினும் நீர் தங்களுடையது என்னும் தெளிவிலிருந்து அந்த ஓட்டம் பிறக்கிறது. அரசு நகலெடுக்க விரும்புவதோ ஓட்டத்தை மட்டும். ஊற்றின் மீதான உரிமையை அன்று. மேலும், 2011க்குப் பின் 734 ஊர்கள் ஆளில்லாமல் போயின என்று மாநிலத்தின் இடப்பெயர்வு ஆணையமே 2018இல் பதிவு செய்திருக்கிறது. காட்டில் பங்கும் இல்லை, வயலில் வருவாயும் இல்லை என்று இளைஞர் இறங்கிப்போன மலையில் முன்மாதிரியை நகலெடுக்க எந்தக் கைகள் மிஞ்சியிருக்கின்றன?

காட்டுக்குத் தீவைப்பவர்களில் கிராமத்தாரும் உண்டு, அலட்சியத்தால் எரிவதும் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. அதற்குத் தண்டனை இருக்கட்டும். ஆனால் தண்டிக்கும்போது குடிமகனாகவும், அணைக்க அழைக்கும்போது ஆர்வலனாகவும், பங்கு கேட்கும்போது ஆக்கிரமிப்பாளனாகவும் ஒரே மனிதனைக் காணும் முறை 1878இலிருந்து நகர்ந்திருக்கிறதா என்பதே வினா. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. அந்த உரிமைப் பட்டயத்தை வழங்கத் தயங்கும் மாவட்ட நிர்வாகம், அதே ஊரில் தன்னார்வலர் பட்டியல் தயாரிக்கத் தயங்குவதில்லை.

சரயுவில் எறியப்பட்ட பதிவேடுகளில் கட்டாய உழைப்புக்குரிய ஊராரின் பெயர்களும் முறைகளும் இருந்தன. இன்று வட்டார அலுவலகங்களில் தயாராகும் தன்னார்வலர் பட்டியல்களில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கைபேசி எண் ஆகியவற்றோடு இன்னும் மூன்று பத்திகளுக்கு இடம் ஒதுக்கலாம்: தீக்குச் சென்ற நாளுக்கான கூலி, உயிர்க்காப்பீட்டு எண், அந்தக் காட்டில் இவருக்குள்ள உரிமையின் பட்டய எண்.